மிளகு விற்ற ஊருக்குப் படகில் போவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



"நாங்க சுற்றுலா போனா வீட்ல யாரு சோறாக்குறது?"ன்னு சிலர் கேட்டீங்க. வீட்டு ஆம்பளைங்க வெளியூர் போறப்ப இந்தக் கேள்வி வருதா? ரெண்டு நாள் அவங்களே ஆக்கட்டும்.

நாம போவது கொச்சி. எர்ணாகுளத்தில் படகு ஏறி, காயலைக் கடந்து ஃபோர்ட் கொச்சியில் இறங்குவோம். கரையில் சீன வலைகள் இருக்கும். பக்கத்திலேயே புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அங்கேதான் புதைத்தார்கள்.

அவ்வளவு தூரம் கடல் தாண்டி ஏன் வந்தாங்க? முக்கியமா மிளகுக்காக. 1663-இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்ததும் அந்த வியாபாரத்துக்காகத்தான். மலையில் மிளகு பறிச்ச கைக்குக் கிடைச்சது கொஞ்சம். கப்பலில் ஏற்றி விற்றவருக்கு லாபம் பல மடங்கு.

நம்ம மசாலாப்பொடி கதையும் அதுதானே? அரைப்பது நாம, விலை சொல்றது வியாபாரி.

அதனால மட்டாஞ்சேரி கடைகளில் வேடிக்கையோட நிறுத்தாதீங்க. எடை என்ன, விலை என்ன, பாக்கெட் எப்படிப் போட்டிருக்காங்கன்னு கேட்டு நோட்டில் எழுதுங்க. அடுத்த மாதம் நம்ம பொடிக்கு விலையை நாமே உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம்.

படகில் முண்டியடிக்காம ஏறுங்க, லைஃப் ஜாக்கெட் கொடுத்தா போட்டுக்கங்க. பெயர் கொடுக்காதவங்க இன்றைக்கே ஊக்குநரிடம் கொடுத்துடுங்க.