வெஸ்டர்ன் படங்கள்: ஒரு சாவுக்கு எவ்வளவு எடை?

(ஆண்டுக் கூடலின் மாலை அமர்வில் பேசியது, மலருக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



"தொழிலைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்காங்க, நீ வேற ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனவே கௌபாய் படங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். எஞ்சினியர்தானே, கடைசியில் எடை, பளு என்று போய்ச் சேர்வான் என்று நீங்கள் நினைத்தால் அது சரிதான்.

நம்மில் பலருக்குக் கௌபாய் அறிமுகமானது சிவகாசியில் அச்சான லயன், முத்து காமிக்ஸ் வழியாக. டெக்ஸ் வில்லர் இத்தாலியில் பிறந்தவர். கேப்டன் டைகர் பிரெஞ்சு மொழியில் பிறந்தவர். மூத்தவர்களுக்குக் கர்ணன் இயக்கிய, ஜெய்சங்கர் குதிரையேறிய 'கங்கா' (1972) நினைவிருக்கும். ஆக, அமெரிக்க மேற்கு பாதி நேரம் நம்மிடம் நேரே வரவில்லை, ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்தது. வருகிற வழியில் ஒரு முக்கியமான சரக்கு உதிர்ந்துபோய்விட்டது என்பது என் எண்ணம்.

இந்தப் படங்கள் காட்டுகிற காலம் மிகச் சின்னது. 1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது. 1869-இல் ரயில் பாதை கண்டத்தின் கிழக்கையும் மேற்கையும் இணைத்தது. 1874-இல் கிளிட்டன் என்பவர் தம் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். 1890-இல் வூண்டட் நீ படுகொலை. சுமார் இருபத்தைந்து வருஷம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேல் படம் எடுத்துவிட்டார்கள்! (கௌபாயை ஒழித்ததில் துப்பாக்கியைவிட முள்கம்பிக்குத்தான் பங்கு அதிகம். இதில் நம் தொழிலுக்குப் பெருமையா சிறுமையா என்று தெரியவில்லை.)

இந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு கோடு கிழிப்பார்கள். 1960 வரை வந்தவை பழைய வெஸ்டர்ன். நல்லவன் கெட்டவனைச் சுடுவான், செவ்விந்தியர்கள் குதிரையிலிருந்து பொத்துப் பொத்தென்று விழுவார்கள். பிறகு வந்தவை மறுபார்வை வெஸ்டர்ன். அவை பழசின் பொய்யை உடைத்தன. இந்தக் கோடு எனக்குச் சரியாகப் படவில்லை. என்னிடம் வேறொரு அளவுகோல் இருக்கிறது. படத்தில் ஒருத்தன் சுடப்பட்டுச் சாகிறானே, அந்தச் சாவுக்கு எவ்வளவு எடை?

ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' (1939) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மான்யுமெண்ட் வேலியின் செம்பாறைகளுக்கு நடுவே கோச்சு வண்டி ஓடுகிறது, அபாச்சிகள் துரத்துகிறார்கள். யகிமா கனுட் என்ற சாகசக்காரர் ஓடும் குதிரைகளின் மேல் தாவி, விழுந்து, வண்டிக்கு அடியில் போவார். இன்றைக்குப் பார்த்தாலும் நெஞ்சு படபடக்கும். "ஏன் சார், வண்டிக் குதிரையைச் சுட்டாலே வண்டி நின்னுடுமே?" என்று கேட்டதற்கு, "படமும் முடிஞ்சுடுமே" என்று ஃபோர்டு பதில் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. விழுகிற அபாச்சிக்கோ முகம் கிடையாது, பேர் கிடையாது. எடை சைபர்.

ஆனால் அதே பழைய காலத்தில்தான் 'ஷேன்' (1953) வந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் படப்பிடிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1945-இல் டாகாவ் வதை முகாம் விடுவிக்கப்பட்டபோது அங்கே கண்டதையெல்லாம் படம் பிடித்தவர். போருக்கு முன்னால் நகைச்சுவைப் படங்கள் எடுத்துப் பேர் வாங்கிய மனுஷர், திரும்பி வந்து ஒரு கௌபாய் படம் எடுக்கிறார். அதில் டோரி என்று ஒரு சின்ன விவசாயி, வாய்ச்சவடால் ஆசாமி. அவன் தெருச் சேற்றில் வழுக்கிக்கொண்டு நிற்கிறான். வில்லன் ஜாக் பாலன்ஸ் மேலே மரத்தாழ்வாரத்தில், காலில் சேறு படாமல் நிற்கிறான். டோரி துப்பாக்கியை எடுப்பதற்குள் அவன் எடுத்துவிட்டான். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் சுடுகிறான்.

அதுவரை சினிமாவில் சுடப்பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சரிவான். டோரி அப்படிச் சரியவில்லை, பின்னால் தூக்கி எறியப்படுகிறான். நடிகரின் உடம்பில் கம்பி கட்டி வெடுக்கென்று இழுத்தார்கள். வெடிச்சத்தத்தையும் வேண்டுமென்றே பெரிதாக வைத்தார்கள். அடுத்து அடக்கம், முழுசாக ஒரு காட்சி. குன்றின் மேல் குழி, சுற்றிலும் அண்டை வீட்டு விவசாயிகள், பெட்டியை விட்டு நகராத அவனுடைய நாய். படத்தில் டோரி வருவது கொஞ்ச நேரம்தான். ஆனாலும் அவன் எடை படம் முழுக்க அழுத்துகிறது. இது 1953. யார் சொன்னது பழசெல்லாம் வெகுளி என்று?

ஃபோர்டே 'தி சர்ச்சர்ஸ்' (1956) படத்தில் வேறு ஆளாகிவிட்டார். கொமாஞ்சிகள் தூக்கிச் சென்ற சகோதரன் மகளைத் தேடிப் போகிற ஜான் வெய்ன், அவளை மீட்கத் தேடுகிறாரா கொல்லத் தேடுகிறாரா என்று நமக்கே பயம் வந்துவிடும். அவ்வளவு வெறுப்பு. செத்துக் கிடக்கிற கொமாஞ்சியின் கண்ணைச் சுடுகிறார், ஆவி வழி தெரியாமல் அலையட்டும் என்று. அதில் 'லுக்' என்று ஒரு செவ்விந்தியப் பெண் வருகிறாள். அவளை வைத்துப் படம் நம்மைச் சிரிக்க வைக்கிறது, மலைச்சரிவில் உதைத்து உருட்டிவிடுகிறார்கள். மட்டமான நகைச்சுவை; இன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வராது. பிறகு குதிரைப்படை சூறையாடிய ஒரு கிராமத்தில் அவள் பிணமாகக் கிடக்கிறாள். இவள் யாருக்கு என்ன கெடுதல் செய்தாள், இவளை ஏன் கொன்றார்கள் என்று கூட வந்த இளைஞன் கேட்கிறான். வெய்னிடம் பதில் இல்லை. முதலில் சிரித்த நமக்கும் இருக்காது.

இனி ஐரோப்பா. செர்ஜியோ லியோனி, குரோசாவாவின் 'யோஜிம்போ'வை (1961) எடுத்து 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) ஆக்கினார். ஸ்பெயின் நாட்டு வெயில், என்னியோ மோரிக்கோனியின் இசை, சுருட்டைக் கடித்தபடி கிளிண்ட் ஈஸ்ட்வுட். எனக்கு ரொம்பப் பிடிக்கும், மறைப்பானேன். ஆனால் சாவின் எடை உதிர்ந்தது இங்கேதான். ஆட்கள் எண்ணிக்கையாகிவிட்டார்கள், நம் ஊர் வரை வந்து சேர்ந்த ஸ்டைலும் அதுதான். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' (1966) படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு சின்னப் பையன், போர்வீரன், செத்துக்கொண்டிருப்பான். ஈஸ்ட்வுட் தன் கோட்டை அவன் மேல் போர்த்திவிட்டு, சுருட்டை ஒரு இழுப்பு இழுக்கக் கொடுப்பார். ஒரு நிமிஷம் படம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

சாம் பெக்கின்பாவின் 'தி வைல்ட் பன்ச்' (1969), ஆல்ட்மனின் 'மெக்கேப் அண்ட் மிஸஸ் மில்லர்' (1971) இரண்டையும் பெயர் சொல்லித் தாண்டுகிறேன், மணி ஆகிறது. முதலாவதில் ரத்தம் அதிகம், இரண்டாவதில் பனி அதிகம். பனியைத் தவறவிடாதீர்கள்.

'அன்ஃபர்கிவன்' (1992) படத்துக்கு வருகிறேன். டேவிட் வெப் பீப்பிள்ஸ் எழுதிய திரைக்கதையை வாங்கி, தமக்கு வயசாகட்டும் என்று ஈஸ்ட்வுட் வருஷக்கணக்கில் வைத்திருந்தார். பழைய கொலைகாரன் வில் மன்னி, இப்போது பன்றி வளர்க்கிறான், குதிரையில் ஏறத் தெரியாமல் விழுகிறான். ஒரு பெண்ணின் முகத்தைக் கீறிய இரண்டு பேரைக் கொன்றால் ஆயிரம் டாலர். முதலில் சாகிறவன் கீறியவன்கூட இல்லை, கூட இருந்தவன்; வருந்தி அவளுக்கு ஒரு நல்ல குதிரையைக் கொண்டுவந்தவன். வயிற்றில் குண்டு பாய்ந்து, தாகம் தாகம் என்று கத்துகிறான். சுட்ட மன்னியே, "நாங்க சுட மாட்டோம், அவனுக்குத் தண்ணி குடுங்கப்பா" என்று பாறைக்குப் பின்னாலிருந்து கத்துகிறான். இரண்டாமவன் கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும்போது சாகிறான். அவனைச் சுட்ட சின்னப் பையன், அஞ்சு பேரைக் கொன்றிருக்கிறேன் என்று பீற்றியவன், மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறான். இதுதான் அவனுக்கு முதல் கொலை.

இதற்கு நடுவில் ஷெரீஃபாக வரும் ஜீன் ஹேக்மன் தம் கையாலேயே ஒரு வீடு கட்டுகிறார். ஒரு மூலைகூட நேராக இல்லை, கூரை ஒழுகுகிறது. நம் மேற்பார்வைக்கு வந்திருந்தால் அன்றைக்கே இடிக்கச் சொல்லியிருப்போம். கொடூரமான ஆள்தான். ஆனால் வீட்டைக் கட்டி முடிக்காமல் சாகிறோமே என்று கடைசியில் அவர் சொல்லும்போது, என்னமோ செய்கிறது.

என்னை இன்றுவரை விடாத இடம் இதுதான். ஒரு சாவு எவ்வளவு கனம் என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காட்டிய படம், கடைசியில் ஈஸ்ட்வுட்டுக்குச் சாராயத்தைக் கொடுத்து, மழை ராத்திரியில் மதுக்கடைக்குள் அனுப்புகிறது. ஐந்து பேர் விழுகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? அதுவரை படம் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு, "ஆஹா, வந்துட்டான்யா பழைய ஆளு!" என்று நிமிர்ந்து உட்காருகிறோம்.

மாணவர்களுக்கு ஒரு யோசனை. விடுதியில் திரை கட்டி முதல் நாள் 'ஷேன்' போடுங்கள், மறுநாள் 'அன்ஃபர்கிவன்' போடுங்கள். இரண்டும் வயோமிங்கில் நடக்கிற கதைகள்தான். கைப்பேசியில் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள், இருட்டில் நூறு பேரோடு பார்க்க வேண்டிய படங்கள் இவை. எந்தெந்த இடத்தில் விசில் பறந்தது, எந்தச் சாவுக்கு அறை அமைதியானது என்று யாராவது ஒருத்தர் மட்டும் குறித்துவையுங்கள். அடுத்த கூடலுக்கு வரும்போது அந்தத் தாளை என்னிடம் காட்டினால் போதும், சாப்பாடு என் செலவு.