சக்கரத்துக்குள் தண்ணீர்



நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் எனக்கென்று ஓர் உத்தியோகம் இருந்தது. சம்பளம் இல்லாத உத்தியோகந்தான். ஆயினும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பொறாமைப்பட்ட உத்தியோகம். நாற்று நடுவதற்கு முன்னால் சேற்று வயலைச் சமப்படுத்த மாடுகளைப் பூட்டிப் பரம்படிப்பார்கள். பரம்புப் பலகை வெறுமனே சென்றால் சேற்றின்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மேட்டையும் அமுக்காது, பள்ளத்தையும் நிரப்பாது. ஆகவே அதன்மேல் ஓர் ஆள் நின்றாக வேண்டும். என் தந்தையார் என்னைத் தூக்கிப் பலகையின்மீது நிறுத்துவார். நான்தான் பாரம்! மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு வயலைச் சுற்றிச் சுற்றி வருவேன். தவறி விழுந்தால் சேற்றில் விழுவேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஏறிக்கொள்வேன்.

அந்தப் பலகை எனக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. இழுக்கும் சக்தி மட்டும் இருந்தால் வேலை நடக்காது; நிலத்தை அழுத்தும் பாரமும் வேண்டும் என்பதே அந்தப் பாடம். அதை நான் பாதியளவுதான் கற்றிருந்தேன் என்பது, பல ஆண்டுகள் கழித்து ஒரு மாலைப்பொழுதில் தெரியவந்தது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

மணப்பாறைக்கு அருகே எங்கள் ஊர். மாட்டுக்குப் பேர்போன வட்டாரம். இருந்தும் மாடு கட்டி உழ ஆள் கிடைக்காமற் போகவே, என் அண்ணனும் நானும் சேர்ந்து சிறிய டிராக்டர் ஒன்று வாங்கினோம். அதன் எடை ஏறத்தாழ 850 கிலோ. எங்கள் ஐந்து ஏக்கருக்கு அது போதும் என்று எண்ணினோம். கோடை மழை பெய்த மறுநாள், ஐந்து கொத்துக் கலப்பையை மாட்டிக்கொண்டு அண்ணன் மகன் செம்மண் காட்டில் இறங்கினான். மேல் மண் நனைந்திருந்தது. அடி மண் இறுகிக் கிடந்தது. இன்ஜின் உறுமிற்று; பின் சக்கரங்கள் சுழன்றன; வண்டி மட்டும் நகர மறுத்தது.

அவன் என்ன செய்தான் தெரியுமா? வரப்பில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களை அழைத்து, ஆளுக்கொரு பக்கமாக மட்கார்டின்மீது உட்காரவைத்தான். வண்டி நகர்ந்தது. அருகே நின்ற நான் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமன்று, என் பரம்புப் பலகை நினைவுக்கு வரவே சிரித்துக்கொண்டும் நின்றேன்.

மூன்றாவது சாலில் சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறி இறங்கியது. பக்கத்து வீட்டுப் பையன் தூக்கி எறியப்பட்டான். பின் சக்கரம் அவன் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் உருண்டு சென்றது. கை முறிந்ததோடு அவன் பிழைத்தான். மருத்துவமனை வாசலில் அவன் தந்தை என்னைத் திட்டவில்லை. "நீங்க பக்கத்தில இருக்கீங்கன்னுதானே அண்ணே விட்டேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றுதான் பாடத்தின் மறுபாதியைக் கற்றேன். பாரம் வேண்டும், உண்மை. ஆனால் எது பாரமாக இருப்பது, எங்கே இருப்பது, எவ்வளவு இருப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் பாரம் ஏற்றக்கூடாது. மாட்டின் நடைக்குப் பின்னே செல்லும் பலகை வேறு. சுழலும் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு வேறு.

சில நாள் கழித்து, எங்கள் டவுனில் டிராக்டர் டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டும் முதியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "எடை வேணும்னா டயருக்குள்ள தண்ணி ஏத்துங்க சார். பிள்ளைங்களை ஏத்தாதீங்க" என்றார். எனக்கோ ஒரே திகைப்பு. காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரா?

தண்ணீர்தான். டிராக்டர்கள் முதலில் பல் வைத்த இரும்புச் சக்கரத்தோடுதான் ஓடின. 1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம், காற்றடைத்த டயர் பூட்டிய டிராக்டரை உழவர்களுக்கு விற்கத் தொடங்கிற்று. ரப்பர் டயர் மென்மையாக ஓடியது, வேகமாகவும் ஓடியது. ஆனால் இரும்புப் பல்லைப்போல் அது மண்ணைக் கடித்துப் பிடிப்பதில்லை. அது மண்ணைப் பற்றிக்கொள்ள எடை வேண்டும். அந்த எடையைச் சக்கரத்தின் வெளியே இரும்பு வில்லைகளாகவும் மாட்டலாம். உள்ளே நீராகவும் நிரப்பலாம். சரக்கில்லாத மரக்கலம் காற்றில் கவிழாதிருக்க அடித்தட்டில் மணலையும் கல்லையும் ஏற்றுவார்கள் அல்லவா? இதுவும் அத்தகைய அடிப்பாரமே.

இதில் உள்ள கணக்கு உங்கள் பாடப் புத்தகக் கணக்குத்தான். இரண்டு பரப்புகளுக்கு இடையே தோன்றும் உராய்வு, ஒன்றை மற்றொன்று எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. பின் சக்கரம் நிலத்தை அழுத்த அழுத்த, வழுக்காமல் தள்ளும் ஆற்றல் கூடும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. எங்கள் பின் டயர் ஒவ்வொன்றும் சுமார் 50 லிட்டர் கொண்டது. இரண்டுக்குமாக 100 கிலோ. மட்கார்டில் ஏறிய இரண்டு சிறுவர்களும் சேர்ந்து அத்தனை எடை இருக்கமாட்டார்கள்! அதுவும், அவர்கள் உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உயரத்தில் ஏறும் எடை வண்டியின் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கும்; வண்டி பக்கவாட்டில் சாயும் ஆபத்தைக் கூட்டும். டயருக்குள் இருக்கும் நீரோ தாழ்வாக இருந்து மையத்தைக் கீழே இறக்குகிறது. மேலும், அந்த எடை அச்சையும் தாங்கு உருளைகளையும் அழுத்துவதில்லை; டயர் வழியாக நேரே நிலத்துக்குப் போய்விடுகிறது.

இதை வீட்டிலேயே செய்தோம். செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வண்டியோடு வந்த கையேட்டைப் படித்து, அந்த டயரில் நீர் நிரப்பலாமா, எவ்வளவு நிரப்பலாம் என்று பார்த்துக்கொண்டோம். வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். ஜாக்கியால் பின்புறத்தைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல், அச்சுக்கு அடியில் வலுவான மரக்கட்டைகளையும் அடுக்கினோம். தரையைத் தொடாத சக்கரத்தைக் கையால் சுழற்றி, வால்வு உச்சிக்கு வருமாறு நிறுத்தினோம். கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வால்வின் உள்ளிருக்கும் ஊசியைக் கழற்றிக் காற்றை வெளியேற்றினோம்.

பஞ்சர் கடை முதியவர் கொடுத்த ஒரு பித்தளை இணைப்பை வால்வில் திருகி, அதில் ரப்பர் குழாயை மாட்டி, மாடித் தொட்டியின் நீரைத் திறந்துவிட்டோம். அந்த உயரம் தரும் அழுத்தமே போதுமானது. நீர் புகுந்தால் காற்று வெளியேற வேண்டுமே! ஆகையால் அவ்வப்போது குழாயை எடுத்துவிட்டு, 'புஸ்' என்று சீறும் காற்றைப் போகவிட்டோம். கடைசியில் வால்வின் வழியே காற்று வராமல் நீர் வழிந்தது. நீர்மட்டம் வால்வை எட்டிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது டயரின் கொள்ளளவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிரம்பியிருக்கும்.

மீதிக் கால் பங்கையும் ஏன் நிரப்பக் கூடாது என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. முழுவதும் நீர் நிறைந்த டயர் கல்லைப்போல் இறுகிவிடும். மேட்டில் ஏறும்போது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள அதில் ஒன்றும் இராது. அந்தக் கால் பங்குக் காற்றுத்தான் டயரின் வில். ரேடியல் வகை டயர்களுக்கு நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் நீர் கூடாது என்பது பொது விதி. பிறகு ஊசியைப் பூட்டி, கையேட்டில் கண்ட அழுத்தம் வரும்வரை காற்றடித்தோம். காற்றடிக்கையில் டயருக்கு நேர் எதிரே நிற்கலாகாது. ஒதுங்கி நிற்க வேண்டும். அழுத்தத்தை அளக்கும்போதும் வால்வு உச்சியிலேயே இருக்க வேண்டும். இல்லையேல் நீர் அளவுமானிக்குள் புகுவதோடு, நீரின் எடையும் சேர்ந்து தவறான கணக்கைக் காட்டும். ஒரு சக்கரத்துக்குச் செய்ததை அப்படியே மற்றதற்கும் செய்தோம்.

பலன் இருந்ததா என்று எப்படி அறிவது? இங்கேதான் கையில் மாவுக்கட்டோடு பக்கத்து வீட்டுப் பையன் வருகிறான். "நான் எண்ணட்டுமா, பெரியப்பா?" என்று கேட்டான். வரப்பின் மேல் பத்திரமாக உட்காரவைத்து அவனிடம் அந்த வேலையைக் கொடுத்தேன். நீர் நிரப்புவதற்கு முன்பே, சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்று ஓட்டி, அந்தத் தூரத்துக்கு இரண்டு முளை அடித்திருந்தோம். கலப்பை மண்ணில் இறங்கியபோது, அதே தூரத்தைக் கடக்கப் பதின்மூன்று சுற்று ஆயிற்று. மூன்று சுற்று வீண். பதின்மூன்றில் மூன்று, அதாவது நூற்றுக்கு 23 பங்கு வழுக்கல். நீர் நிரப்பிய பின்னர், ஏறத்தாழ அதே ஈரத்தில் ஓட்டியபோது, பதினொன்றே முக்கால் சுற்றுத்தான். வழுக்கல் நூற்றுக்கு 15 பங்காகக் குறைந்துவிட்டது. "ஒண்ணேகால் சுத்து மிச்சம், பெரியப்பா!" என்று அவன் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஒன்றேகால் சுற்று, டீசலாகவும் டயராகவும் நேரமாகவும் நமக்கு மிஞ்சுகிறது.

வழுக்கலே இல்லாமற் செய்துவிட்டால் இன்னும் நல்லதல்லவா என்று எண்ணாதீர்கள். சிறிது வழுக்கல் இருக்கத்தான் வேண்டும். கெட்டி நிலத்தில் நூற்றுக்கு எட்டு முதல் பதினைந்து வரை இருப்பது நல்லது. சக்கரம் சிறிதும் விட்டுக்கொடுக்காவிட்டால் அந்தச் சுமை முழுவதையும் பல்சக்கரங்கள் தாங்க நேரும். அதுமட்டுமன்று. பின் சக்கரம் நிலத்தைக் கெட்டியாகப் பற்றியிருக்கையில், பின்னே கட்டிய பொருள் அசைய மறுத்தால், வண்டியின் முன்புறம் மேலே எழும்பிப் பின்பக்கம் கவிழ்ந்துவிடக்கூடும். ஆகையால் இழுவைச் சங்கிலியைத் தாழ்வாக உள்ள இழுவைத் தண்டில் மட்டுமே மாட்ட வேண்டும். நீர் நிரப்பிய டயர் பாதுகாப்புச் சட்டத்துக்கும் இருக்கைப் பட்டிக்கும் மாற்று அன்று.

பாரத்துக்குக் காலமும் இடமும் உண்டு. சேற்றுழவில் கனத்த வண்டி புதைந்துபோகும். அங்கே வேண்டியது கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரந்தான். தேவைக்கு மேற்பட்ட எடை மண்ணை இறுக்கி, வேர் இறங்கவும் நீர் இறங்கவும் தடையாகும். பஞ்சர் ஆனால் வேலை இரட்டிப்பு. சாலையில் ஓடும்போது கூடுதல் எடையை நிறுத்தக் கூடுதல் தூரமும் வேண்டும்.

நமக்கு வெறும் நீர் போதும். குளிர்நாட்டாருக்கு அது போதாது. நீர் உறையும்போது அதன் பருமன் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும்; அது ட்யூபையும் வால்வையும் கெடுத்துவிடும். எனவே அமெரிக்காவிலும் கனடாவிலும் நீரில் கால்சியம் குளோரைடு என்னும் உப்பைக் கரைத்து நிரப்பினார்கள். அது எளிதில் உறையாது, நீரைவிடக் கனமானது. ஆனால் கசிந்தால் இரும்பு ரிம்மைத் துருவாக அரித்துவிடும். அதற்கு மாற்றாகப் பிற்காலத்தில் சர்க்கரைப் பீட்டுக் கிழங்கின் சாற்றிலிருந்து கிடைக்கும் திரவத்தைக் கையாளத் தொடங்கினார்கள். அதில் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.3 கிலோ எடையுள்ளது, இரும்பை அரிப்பதுமில்லை. இன்ஜின் குளிர்விக்கும் எத்திலீன் கிளைக்கால் திரவத்தையும் சிலர் நிரப்புவதுண்டு. அது இனிப்பான நஞ்சு; கசிந்தால் ஆடு மாடு நக்கி உயிர் விடும். அதை நாம் நாட வேண்டிய தேவையே இல்லை.

நண்பர்களே, பையனின் கை ஒட்டிக்கொண்டது. இப்போது அவன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறான். ஆனாலும் அந்தக் காட்டில் கால் வைக்கும்போதெல்லாம் என் கண் அந்த ஒரு சாண் இடத்தைத் தேடுகிறது. உங்களில் பலர் கிராமத்துப் பிள்ளைகள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, "ஏறி உட்காரடா, வண்டி வழுக்குகிறது" என்று மாமாவோ சித்தப்பாவோ உங்களைக் கூப்பிடக்கூடும். ஏறாதீர்கள். மரியாதையாக மறுத்துவிட்டு, ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துச் சக்கரத்தில் கோடு போடுங்கள். சுற்றுகளை எண்ணிக் கணக்கைக் காட்டுங்கள். பிறகு மாடித் தொட்டியையும் ரப்பர் குழாயையும் காட்டுங்கள். நீங்கள் படித்த படிப்புக்கு அது முதல் வருமானமாக இருக்கும்.