பொட்டார்கோ: ஒரு பழஞ்சொல்லின் வரலாறு

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அகராதிகளோடு நாள்தோறும் பழகுகிறோம். அவற்றில் சில சொற்களின் அருகே 'பழைய வழக்கு' என்ற குறிப்பு இருக்கும். ஆங்கிலத்தில் அவ்வாறு பழையதாகிப் போன சொற்களுள் ஒன்று 'பொட்டார்கோ'. பதப்படுத்திய மீன்சினை என்பது அதன் பொருள். கருவாட்டை அறிந்த நமக்கு இதனை விளக்குதல் எளிது. மீனை உலர்த்தினால் கருவாடு. மீனின் சினையை உலர்த்தினால் பொட்டார்கோ.

மடவை மீன் சினை கொள்ளும் பருவத்தில், அதன் இரட்டைச் சினைப்பையை மேல்தோல் கிழியாமல் முழுதாக எடுப்பர். கழுவி, உப்பிட்டு, பலகைகளுக்கிடையே வைத்து அழுத்தி, பின்னர் உலர்த்துவர். உப்பு நீரை ஈர்த்துவிடுவதால் சினை கெடுவதில்லை; கெட்டியாகிப் பொன்னிறமும் செந்நிறமும் கலந்த வண்ணம் பெறுகிறது. கிரேக்க நாட்டின் மெசொலோங்கியில் அதன்மேல் தேன்மெழுகு பூசிக் காப்பர். மெல்லிய வில்லைகளாக அரிந்தோ துருவியோ உண்பது வழக்கம்.

சொல்லின் பயணமும் சுவையானதே. முட்டை, உப்பிட்டுப் பதப்படுத்தியது என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து இதன் மூலச்சொல் பிறந்தது. அது எகிப்தின் காப்டிய மொழியில் புகுந்து, அரபியில் 'பத்தாரிக்' ஆயிற்று. அங்கிருந்து இத்தாலியை அடைந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்திற்கும் வந்தது. ஜப்பானியரோ தாமே ஒரு பெயர் சூட்டினர். சீனத்து மைக்கட்டியைப் போன்ற தோற்றம் கண்டு 'கராசுமி' என்றனர்.

இங்கிலாந்தின் கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ், 1661 ஜூன் 5ஆம் நாள் இரவு மதுவுடன் பொட்டார்கோவும் ரொட்டியும் வெண்ணெயும் உண்டதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. அந்நாளில் அவருக்கு அது பழகிய சொல். பின்னர் அவ்வுணவு ஆங்கிலேயரின் மேசையிலிருந்து மறைந்தது, சொல்லும் வழக்கொழிந்தது. மத்தியதரைக் கடற்கரை மக்களோ உணவையும் விடவில்லை, பெயரையும் விடவில்லை. விளைவு என்ன? அண்மைக் காலத்தில் அதே பண்டம் 'பொத்தார்கா' என்னும் இத்தாலியப் பெயரோடு, விலையுயர்ந்த புதுமைப் பொருளாக ஆங்கிலேயரிடம் திரும்பி வந்திருக்கிறது. தம் வீட்டுச் சொல்லாக இருந்ததையே அவர்கள் அயல்நாட்டுச் சொல்லாகக் கற்க வேண்டியதாயிற்று.

நேயர்களே, இதில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. மடவை நமக்கு அயலான மீன் அன்று. பழவேற்காடு ஏரியிலும் ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் அது கிடைக்கிறது. கொல்கத்தாவில் 'பார்ஷே' என்றும் மும்பையில் 'போய்' என்றும் விற்கப்படும் மீன்கள் மடவைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. வெளிமாநிலங்களில் வாழும் நாம் அங்காடியில் அவ்வூர்ப் பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும், அதுவே முறை. ஆனால் வீட்டிற்கு வந்த பின்னும் அப்பெயரே நிலைத்துவிட்டால், மடவை என்னும் சொல்லை நம் குழந்தைகள் எங்கே கேட்பர்? பீர்க்கங்காயைத் தில்லியில் 'தோரி' என்று கேட்டு வாங்கும் புலால் உண்ணாத இல்லங்களுக்கும் இது பொருந்தும்.

புத்தகங்களில் சொற்களைச் சேமித்து வைப்பது நற்பணி. ஆயினும் அகராதியில் இடம்பெற்றிருந்தும் பொட்டார்கோ பேச்சிலிருந்து மறைந்தது. வாயால் வழங்கும் சொல்லுக்கே வாழ்வு உண்டு. அடுத்த முறை சந்தைப் பையைப் பிரிக்கும்போது, அவ்வூர்ப் பெயரையும் நம்மூர்ப் பெயரையும் குழந்தைகளுக்கு ஒருசேரச் சொல்வோம். இரண்டையும் அறிந்த குழந்தைக்கு இழப்பு ஒன்றும் இல்லை.