ஒரு நூலும் அதன் கிளைகளும்



லாகூர் மாநாடு கைவிடப்பட்டதால், அண்ணல் அம்பேத்கர் 1936-இல் தாமே அச்சிட்டு வெளியிட்ட உரையை நாம் அறிவோம். அதன் ஆங்கிலத் தலைப்பை இணைய நூலகப் பட்டியலில் தட்டினால், ‘சாதியை ஒழிக்க வழி’ என்னும் தமிழாக்கம் பல வேளைகளில் தென்படுவதில்லை. கணினிக்குப் பெயர் வேறானால் நூலும் வேறு! ஆங்கிலத்தில் தடுமாறும் நம் மாணவன் ஒருவன் அவ்வாறே வெறுங்கையோடு திரும்பக் கண்டோம்.

மூலப் படைப்பு ஒன்றே. பதிப்புகளும் மொழிபெயர்ப்புகளும் அதன் கிளைகளே என்னும் முறையைப் பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பு 1998-இல் வகுத்தளித்தது. தமிழாக்கத்தின் பதிவில் மூலத் தலைப்பையும் அதற்குரிய இடத்தில் எழுதிவைத்தால், இரண்டும் ஒருசேரக் கிடைக்கும்.

நம் சங்க நூலகப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றுவோர் அந்த ஒரு வரியை விட்டுவிடலாகாது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள். அங்கு இல்லையெனில் முன்னுரையைப் படியுங்கள். படிப்பதால் நட்டமொன்றுமில்லை.