எந்த இயங்குதளம் எவர்க்கு?

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



நம் அன்பர்கள் பலரும் ஒரே வினாவைப் பல வடிவில் கேட்டு வருகின்றனர். "ஐயா, என் கணினி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் இனி இதற்குப் பாதுகாப்பு இல்லை என்று திரையில் எழுத்து வருகிறதே, தூக்கி எறிந்துவிடவா?" என்கிறார் ஒருவர். "விண்டோசை விட்டு இலினக்சுக்கு மாறுவதுதானே நம் கொள்கைக்கு ஒத்தது?" என்கிறார் இன்னொருவர். "மகள் மாக்குக் கணினி வேண்டுமென்கிறாள், அப்படி என்ன அதில் உளது?" என்று ஓர் அம்மையார் கேட்டார்.

இவ்வினாக்கள் ஒருங்கே எழுந்தமைக்குக் கரணியம் உண்டு. மைக்கிரோசாப்டு நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோசு 10 பதிப்பிற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டது. தனியாளர்க்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தது, அவ்வளவே. அடுத்த பதிப்பாகிய விண்டோசு 11-க்கு மாறலாமே எனில், அது எல்லாக் கணினியிலும் ஏறாது. 4 கிகாபைட்டு நினைவகமும் 64 கிகாபைட்டு சேமிப்பிடமும் பெரிய தடையல்ல. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். அதனினும் மேலாக, இன்டெல்லின் ஏழாம் தலைமுறைச் செயலியையும் அதற்கு முந்தியவற்றையும், மிகச் சில நீங்கலாக, அந்நிறுவனம் ஏற்றுக்கொள்வதில்லை. ஆக, இரும்பும் சில்லும் பழுதின்றி இருக்கவும், கணினி முதுமை எய்திவிட்டதென்று தொலைவிலிருந்து ஒருவர் தீர்ப்புக் கூறிவிட்டார்!

செய்திக்குள் புகுமுன் சொல்லைப் பற்றி ஒரு சொல். 'இயங்குதளம்' என்பது பிழை, தளம் தானே இயங்குவதில்லையே, 'இயக்குதளம்' என்றன்றோ இருத்தல் வேண்டும் என்று தமிழாசிரியர் ஒருவர் என்னோடு வழக்காடினார். உண்கலம் உண்பதில்லை, உறைவிடம் உறைவதில்லை. உண்ணுதற்குரிய கலம் உண்கலம். உறைதற்குரிய இடம் உறைவிடம். அவ்வாறே மென்பொருள்கள் இயங்குதற்குரிய தளம் இயங்குதளம். வினைத்தொகை இதற்கு இடந்தருகிறது. இவ்விளக்கத்தில் நம் செய்தியும் அடங்கியிருக்கிறது. நாம் உண்பது சோற்றை, கலத்தையன்று. எந்தச் சோறு வேண்டும் என்று தெரிந்த பின்னரே எந்தக் கலம் என்னும் வினா எழும்.

இன்று வீட்டுக் கணினிக்குரிய தளங்களாக நம் முன் நிற்பவை மூன்று. 1985 நவம்பரில் முதற்பதிப்பு வந்த விண்டோசு ஒன்று. 1984 சனவரியில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மெக்கின்டோசு வழிவந்த மாக்கு இயங்குதளம் மற்றொன்று. மூன்றாவது இலினக்சு. இதன் கருவை 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்டுசு எழுதத் தொடங்கினார். அதற்கு எட்டாண்டு முன்னரே இரிச்சர்டு சுடால்மன் தொடங்கிவைத்த குனு என்னும் கட்டற்ற மென்பொருள் முயற்சியோடு அது கூடிற்று. யாரும் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்குக் கொடுக்கலாம் என்பது அதன் உரிமமுறை. உபுண்டு, தெபியன், மிண்டு என்பனவெல்லாம் அந்த ஒரே கருவைக் கொண்டு பல குழுவினர் தொகுத்த தொகுப்புகள். இலினக்சு என்றால் அஞ்சுகின்றவர்க்கு ஒன்று சொல்வேன்: உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இயங்குவது அந்தக் கருவே. உலகின் முதல் ஐந்நூறு மீக்கணினிகளும் 2017 நவம்பர்ப் பட்டியல் தொட்டு அதிலேயே இயங்குகின்றன.

கட்டற்ற மென்பொருளின் நெறி நம் நெஞ்சிற்கு அணுக்கமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. எவர் தயவுமின்றி நம் கருவியை நாமே ஆளலாம் என்பது யாருக்குத்தான் கசக்கும்? ஆயினும், அந்நெறியைச் சொல்லி எல்லாரையும் ஒரே கோலால் அளப்பதை நான் ஒப்பேன்.

நம் ஊர்களில் கணினி அச்சுக்கோப்புத் தொழில் செய்யும் தோழர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். திருமண அழைப்பிதழ், நீத்தார் நினைவு மடல், கோயில் விழாச் சுவரொட்டி, நம் இயக்க மலர் எல்லாம் அவர் கைப்பட்டு வருவனவே. அவரிடம் இருபதாண்டுக் கோப்புகள் உள்ளன. அத்தனையும் பேச்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவிலோ வானவில் எழுத்துருவிலோ அடித்தவை. அந்த பேச்மேக்கருக்கு 2001-இல் ஏழாம் பதிப்பு வந்ததோடு சரி, அதற்குமேல் வளர்ச்சியில்லை. அதற்கு இலினக்சுப் பதிப்பென்று ஒன்று இல்லை, அதன் வழித்தோன்றலாகிய இன்டிசைனுக்கும் இல்லை, போட்டோசாப்புக்கும் இல்லை. இத்தோழரிடம் சென்று, "அயலான் முற்றுரிமையை உதறு, இன்றே மாறு" என்று நாம் முழங்க, அவரும் உணர்ச்சி மேலிட்டு வட்டைத் துடைத்துவிட்டு மாறினார் என்று கொள்ளுங்கள். மறுநாட் காலையில், சென்ற ஆண்டு அடித்த அழைப்பிதழில் பெயரை மட்டும் மாற்றித் தருமாறு வாடிக்கையாளர் வந்து நிற்பார். கோப்புத் திறவாது. அவர் அடுத்த தெருக் கடைக்குச் சென்றுவிடுவார். கொள்கை முழக்கிய நாமா அத்தோழரின் வீட்டு உலையில் அரிசி இடப்போகிறோம்? வைன் என்னும் இடைமென்பொருள் சில விண்டோசு மென்பொருள்களை இலினக்சில் இயக்கும் என்பர், இயக்குவதும் உண்டு. ஆனால் அதை நம்பி ஒருவர் பிழைப்பைப் பணயம் வைக்கச் சொல்லுதல் அறமாகாது.

அவர்க்கு நான் கூறும் வழி வேறு. பழைய விண்டோசுக் கணினி அப்படியே இருக்கட்டும். அதன் இணையத் தொடர்பை மட்டும் துண்டித்துவிடுங்கள். பழைய கோப்புகளுக்கு அதுவே பெட்டகம். வெளியிலிருந்து வரும் செருகு நினைவகங்களை ஆய்ந்த பின்னரே அதிற் செருகுங்கள். மின்னஞ்சலுக்கும் வங்கிப் பணிக்கும் வேறொரு கணினி. புதிதாகச் செய்யும் பணிகளை மட்டும் ஒருங்குறி எழுத்துருவில் தொடங்குங்கள். இன்டிசைனில் 2012-இல் வந்த பதிப்பு முதல் தமிழ் ஒருங்குறி செவ்வையாக வருகிறது. விலையின்றிக் கிடைக்கும் சிகிரைபசு என்னும் வடிவமைப்பு மென்பொருளும், 2024 சனவரியில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் போன்ற எழுத்துகளைக் கையாளும் நிலையை எட்டியுள்ளது. அது மூன்று தளங்களிலும் இயங்கும். சில ஆண்டுகள் இரண்டும் அருகருகே நடக்கட்டும். அதன்பின் எந்தத் தளம் என்று அவரே முடிவு செய்வார்.

டேலியிற் கணக்கெழுதும் கடைக்காரர் நிலையும் ஏறத்தாழ இதுவே. அது விண்டோசுக்கென எழுதப்பட்டது. அவர் விண்டோசிலேயே இருப்பதில் இழுக்கொன்றுமில்லை. விலை கொடுத்து உரிமம் பெற்று இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். கள்ளப் படியை ஏற்றி வைத்துக்கொண்டு தன்மானம் பேசுவார் நம்முள்ளும் உளர். அவர்களைப் பற்றி இவ்வளவு போதும்.

இனி மாணவர், ஆசிரியர், எழுத்தாளர் ஆகியோரைப் பாருங்கள். இவர்கள் கணினியிற் செய்வதென்ன? கட்டுரை எழுதுவர், இணையத்திற் படிப்பர், மடல் விடுப்பர், காணொளி பார்ப்பர். இவற்றுள் எதற்கும் விண்டோசு இன்றியமையாததன்று. விண்டோசு 11 ஏற்க மறுத்த அதே மடிக்கணினியில் மிண்டோ உபுண்டுவோ நன்றாக ஓடும். சுழலும் பழைய வட்டை எடுத்துவிட்டுத் திண்மநிலை வட்டொன்றைப் பொருத்தினால், பத்தாண்டுக் கணினி புதியது போல் விரையும்.

நம்மிடையே முன்பே நடந்த ஒன்றை இங்கு நினைவூட்டல் வேண்டும். சென்னையிலுள்ள சி-டாக் மையம் பாசு என்னும் இலினக்சுத் தொகுப்பை 2007-இல் வெளியிட்டது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் அதுவும் இருந்தது. கற்றுக்கொடுப்பார் இன்மையால் பலர் அதைத் திறந்தும் பாராமல் அழித்துவிட்டனர். கேரளப் பள்ளிகளிலோ, ஆசிரியர்க்கு முதலிற் பயிற்சி கொடுத்து, பாடநூலையும் அதற்கேற்ப எழுதிப் பின் இலினக்சைக் கொணர்ந்தனர். அங்கு அது வேரூன்றிற்று. எனவே, பழுது நேர்ந்தால் நடந்து போய்க் கேட்கும் தொலைவில் உங்களுக்குத் துணை யார் என்று பாருங்கள். அண்டை வீட்டுத் தம்பிக்கு இலினக்சு தெரியுமாயின் அது ஆயிரம் விளம்பரத்திற்கு ஈடு.

மாக்கைப் பற்றிச் சுருங்கச் சொல்வேன். அது ஆப்பிள் விற்கும் கணினிகளுக்கு மட்டுமே உரியது. திரைப்படத் தொகுப்பிலோ இசையமைப்பிலோ தொழில் நாடும் பிள்ளைகட்கு அது பொருந்தும்; பைனல் கட், இலாசிக்கு ஆகிய மென்பொருள்கள் விண்டோசில் இல்லை. ஆயின், 2020 முதல் வரும் அதன் சொந்தச் சில்லுக் கணினிகளில் பின்னர் நினைவகம் கூட்ட வழியில்லை; வாங்கும்போதே போதிய அளவு வாங்கிவிட வேண்டும். பழைய இன்டெல் மாக்குகள் இப்போது மலிவாக விலைக்கு வருகின்றன. 2025-இல் வந்த பதிப்பே அவற்றுக்குக் கடைசி என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது, ஏமாறாதீர்கள். மதிப்பிற்காக மட்டும் கேட்கும் பிள்ளைக்கு அன்பாக மறுத்துரையுங்கள், அம்மா!

"தமிழுக்கு எது சிறந்தது?" என்று கேட்பீர்கள். அதைத்தான் கேட்கவும் வேண்டும். விண்டோசு 2000 வருமுன் இவ்வினாவிற்கு எளிய விடையில்லை. இன்று மூன்றும் ஒருங்குறித் தமிழைக் காட்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக எழுந்த தமிழ்99 விசைப்பலகை மூன்றிலும் உண்டு. மாக்கிலுள்ள இணைமதி எழுத்துரு மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் அமைத்தது என்பது நமக்குப் பெருமை. ஆகவே தமிழில் எழுதுதற்கு எந்தத் தளமும் தடையன்று.

வேறுபாடு ஓரிடத்தில் மட்டும் உண்டு. திரையிற் காணும் கட்டளைச் சொற்கள் விண்டோசிலும் தமிழில் வரும், இலினக்சிலும் வரும். விண்டோசில் ஒரு சொல் கொச்சையாகவோ வடசொல்லாகவோ இருந்தால் நீங்கள் முகம் சுளிக்கலாம், வேறொன்றும் செய்யவியலாது. இலினக்சின் திரைப்புறங்களாகிய குனோம், கே.டீ.ஈ. ஆகியவற்றைத் தமிழாக்குவோர் தன்னார்வலர். நல்ல சொல்லை நீங்களே எழுதி அக்குழுவிற்கு அனுப்பலாம். ஏற்றால் உலகெங்கும் அதுவே தோன்றும். தனித்தமிழ் பேசும் நம்மவர் எத்தனை பேர் அப்பணிக்குச் சென்றுள்ளோம்? மொழிபெயர்க்கப்படாத வரிகள் இன்னும் கிடக்கின்றன.

எந்தத் தளத்தைத் தேர்ந்தாலும் உங்கள் எழுத்தை அத்தளத்திற்கு அடிமையாக்கி விடாதீர்கள். பாமினியில் அடித்த கட்டுரையை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். உங்கள் பேரன் அதனைக் குப்பையென்றே எண்ணி அழிப்பான். எழுத்துரு மாற்றி மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒற்றும் கொம்பும் பிறழாமல் இருக்கின்றனவா என்று மெய்ப்புப் பார்த்து, இலிபரே ஆபிசில் திறந்த வடிவக் கோப்பாகச் சேமித்து, இரண்டிடங்களில் வையுங்கள். அதன்பின் எந்த நிறுவனம் எந்த நாளில் எதை நிறுத்தினாலும், நீங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டிற்குப் போகலாம்.

இலினக்சை நிறுவாமலே, செருகு நினைவகத்திலிருந்து இயக்கிப் பார்க்க முடியும். உங்கள் வட்டில் ஒரு கோப்பும் கெடாது. அச்சுப்பொறி வேலை செய்கிறதா, கம்பியில்லா இணையம் கிடைக்கிறதா, ஒலி வருகிறதா என்று மூன்றையும் அந்நிலையிலேயே ஆய்ந்துகொள்ளுங்கள். சில பழைய அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். அத்தகைய செருகு நினைவகங்கள் நான்கு கொணர்ந்திருக்கிறேன். மடிக்கணினியுடன் வந்திருப்போர் கூட்டம் முடிந்ததும் பின்வரிசை மேசைக்கு வருக. பேச்மேக்கர்க் கோப்புடைய அச்சகத் தோழர்கள் முதலில் வரட்டும்.