எஸ்ஸா, எஃப்பா? – வயர்லெஸ்ஸில் எழுத்துச் செய்தி

(நம் அறக்கட்டளையின் பேரிடர் உதவிக் குழுப் பயிற்சித் தொடக்கக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



இஷா முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். மேசைமேல் இருக்கும் இந்தப் பெட்டி என்ன, இதற்கு ஏன் பணம் செலவானது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் ஸகாத் பணம் ஒரு ரூபாய்கூட இல்லை. இதற்கென்றே சிலர் கொடுத்த நன்கொடையில் வாங்கியது. கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, தென்னந்தோப்புகள் படுத்தன, கைப்பேசிகள் ஊமையாகிவிட்டன. நான் அப்போது ஒரு நிவாரண முகாமில் இருந்தேன். அங்கே இருந்தவர்களின் பெயர்களைக் காகிதத்தில் எழுதியவன் நான்தான். உதவிக்கு வந்திருந்த உரிமம் பெற்ற ஹாம் ரேடியோ நண்பர் ஒருவர், அந்தப் பட்டியலை வாக்கிடாக்கியில் ஒவ்வொன்றாக வாசித்தார். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் கேட்டு எழுதிக்கொண்டார்.

நம் ஊரில் பெயர்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், வேறுபாடு தலைப்பெழுத்தில்தான். அன்று முகாமில் இருந்த பையனுக்குத் தலைப்பெழுத்து எஸ். அந்தப் பக்கம் எழுதப்பட்டது எஃப். எஸ் பையனின் தாயார் மஃரிப் பாங்கு வரை அழுதுகொண்டு நின்றார். எஃப் பையனின் வீட்டார் "மகன் முகாமில் பத்திரமாக இருக்கிறான்" என்று நிம்மதியாகத் தேடாமல் இருந்துவிட்டார்கள். அவன் வேறெங்கோ, கால் அடிபட்டுக் கிடந்தான். அல்ஹம்துலில்லாஹ், இருவரும் இன்று நலமாக இருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு பகலை என்னால் மறக்க முடியவில்லை.

யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் அலட்சியமாகவும் இல்லை. பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டது இது: வயர்லெஸ்ஸில் குரலின் எல்லாப் பகுதியும் போவதில்லை. ஏறத்தாழ 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். எஸ்ஸையும் எஃப்பையும் பிரித்துக் காட்டும் சீறல் ஒலி அதற்கு மேலே இருக்கிறது. அது வெட்டுப்பட்டுவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். தவறாகக் கேட்டவருக்குத் தாம் தவறாகக் கேட்டது தெரியவே தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் இந்த வயதில் நானும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினேன். குரலை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, அந்தமானில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் போர்ட் பிளேரில் இருந்த ஹாம் குழுவினர், வெளியுலகத் தொடர்பு அறுந்த நேரத்தில் தகவல்களைக் கொண்டுசேர்த்தார்கள். அவசரத்துக்குக் கூப்பிடக் குரல் வேண்டும். ஆனால் பெயர்ப் பட்டியல், மருந்துப் பட்டியல் என்றால் எழுத்தாகவே போக வேண்டும். அதற்குத்தான் வயர்லெஸ்ஸோடு கம்ப்யூட்டரைச் சேர்க்கிறோம்.

இது எப்படி வேலை செய்கிறது? நாம் தட்டச்சு செய்ததைக் கம்ப்யூட்டர் ஒருவித ஓசையாக மாற்றுகிறது. அந்த ஓசையை வயர்லெஸ் அனுப்புகிறது. அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் அதைக் கேட்டு மறுபடி எழுத்தாக்குகிறது. இதற்கு வேண்டியவை: வயர்லெஸ் கருவி, ஆன்டெனா, 12 வோல்ட் பேட்டரி, லேப்டாப், இரண்டையும் இணைக்கும் சவுண்ட் கார்டு. புதிய கருவிகள் சிலவற்றில் சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கும்; ஒரே யுஎஸ்பி வயர் போதும். பழைய கருவியானால் வெளியே ஒரு சிறிய இணைப்புப் பெட்டி வைக்க வேண்டும். எஃப்எல்டிஜி என்ற மென்பொருளும், செய்திப் படிவம் நிரப்ப எஃப்எல்மெஸேஜ் என்ற மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஊருக்குள்ளே பேசும் வாக்கிடாக்கிக்கு இணைப்புப் பெட்டியே இல்லாமலும் சமாளிக்கலாம். எம்டி63 என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, லேப்டாப் ஸ்பீக்கர் அருகில் வாக்கிடாக்கியின் மைக்கைப் பிடித்தால் போதும். அந்தப் பக்கத்தில் வாக்கிடாக்கியின் ஒலியை லேப்டாப்பின் மைக் கேட்டுக்கொள்ளும். ஓரளவு இரைச்சல் இருந்தாலும் தாங்கும். அதன் வேகமான வகையில் வினாடிக்கு 20 எழுத்து போகும். ஒரு பெயருக்கு 40 எழுத்து என்றால், 40 பேர் பட்டியல் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். இதையே குரலில் எழுத்துக் கூட்டி வாசித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. எஃப்எல்மெஸேஜ் ஒவ்வொரு செய்தியோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து அனுப்புகிறது. வழியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்தப் பக்கத்தில் கணக்கு ஒத்துவராது, உடனே காட்டிக்கொடுத்துவிடும். "மறுபடி அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அன்று எங்களிடம் இல்லாதது இதுதான். தவறு வராது என்று நான் சொல்லவில்லை. வந்தால் தெரிந்துவிடும் என்கிறேன்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஒலி அளவு. சத்தத்தைக் கூட்டினால் தூரம் போகும் என்று நினைக்காதீர்கள். கம்ப்யூட்டரிலிருந்து போகும் ஒலி அதிகமானால் அலை சிதைந்து, பக்கத்தில் பேசுபவர்களையும் கெடுக்கும். பெரிய கருவியில் ஏஎல்சி என்ற முள் அசையாத அளவுக்கு ஒலியைக் குறைத்து வையுங்கள்.

இரண்டாவது, லேப்டாப்பின் அறிவிப்பு ஓசைகளை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் "பேட்டரி குறைகிறது" என்ற டிங் ஒலியும் வானலையில் போகும்.

மூன்றாவது, சூடு. பேசும்போது இடையிடையே மௌனம் உண்டு. எழுத்துச் செய்தி இடைவிடாமல் போவதால் கருவி விரைவில் சூடாகும். பாதி சக்திக்கு மேல் வைக்காதீர்கள்.

நான்காவது, முதலில் கேட்கப் பழகுங்கள். வானலையைக் கேட்டுத் தொல்லை இல்லை என்று உறுதிசெய்த பிறகே அனுப்ப வேண்டும்.

வாலிபர்களில் சிலர் எஃப்டி8 என்ற முறையைப் பற்றிக் கேட்டார்கள். 2017இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ டெய்லர், 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். காதுக்கே கேட்காத பலவீனமான சமிக்ஞையையும் படித்துவிடும். நம் ஆன்டெனா எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்க அருமையான வழி. ஆனால் ஒரு தடவைக்குப் 13 எழுத்துத்தான் சொந்தமாக எழுத முடியும். இரு பக்கத்துக் கடிகாரமும் ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் ஒத்திருக்க வேண்டும். பழகுவதற்கு அது நல்லது. பட்டியல் அனுப்புவதற்கு உதவாது.

இனி சட்டம். உரிமம் இல்லாமல் யாரும் அனுப்பக் கூடாது. கருவி கையில் இருப்பது அனுமதி ஆகாது. 12 வயது நிறைந்தவர்கள், ஆணோ பெண்ணோ, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதலாம். வானொலித் தொழில்நுட்பமும் விதிகளும் கேட்பார்கள். வியாபாரச் செய்தி அனுப்பக் கூடாது. பேரிடரில் பிறருடைய செய்தியை எடுத்துச்செல்வதையும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்தே செய்வோம். நாமாக எதுவும் செய்ய மாட்டோம்.

தாய்மார்களே, இந்த ஒன்றை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். ஹாம் ரேடியோவில் ரகசியக் குறியீடு வைத்து மறைத்துப் பேச விதி இடம் தருவதில்லை. நாம் அனுப்புவதை யாரும் கேட்கலாம், யாரும் படிக்கலாம். அதனால் உங்கள் வீட்டு விவரம் எங்களிடம் அமானிதம். பட்டியலில் பெயர், தலைப்பெழுத்து, வயது, இருக்கும் முகாம், இவ்வளவுதான் போகும். யாருக்கு என்ன நோய் என்பது போகாது. மருந்து தேவையென்றால் "இன்சுலின் இத்தனை" என்று மொத்தக் கணக்காகப் போகும், பெயர் சேராது. வீட்டில் தனியாக இருக்கும் பெண்களின் முகவரியும் போகாது. பயிற்சியின்போது கற்பனைப் பெயர்களையே பயன்படுத்துவோம்.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு பையனையும் ஒரு பெண்பிள்ளையையும் வகுப்புக்கு அனுப்புங்கள். உயரமான மாடி உள்ளவர்கள் ஆன்டெனா கட்ட இடம் கொடுங்கள். வீட்டிலுள்ளவர்களின் பெயர்களை, ரேஷன் கார்டில் உள்ளபடி தலைப்பெழுத்தோடு ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, உங்கள் வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள். முகாமுக்கு வரும் நிலை வந்தால் அந்தத் தாளோடு வாருங்கள். ஒரே பெயரை நாலு விதமாக எழுதும் ஊர் நம்முடையது. அந்தக் குழப்பத்தை மழைக்கு முன்பே தீர்த்துக்கொள்வோம்.

புயல் வந்தபிறகு வயரைத் தேடி, மென்பொருளைத் தேடி, எந்தத் துளையில் எதைச் செருகுவது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஐப்பசி பிறப்பதற்குள் நம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே இதை இணைக்கப் பழகிவிட வேண்டும். இன்னொரு தாய், பிள்ளையின் தலைப்பெழுத்து தவறாகிவிட்டதற்காக ஒரு பகல் முழுக்க அழக் கூடாது. இன்ஷா அல்லாஹ், அதற்கு நம்மால் ஆனதைச் செய்வோம்.

வகுப்பு வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு, இதே கூடத்தில். வஸ்ஸலாம்.