தினமும், நாள்விட்டு நாளும்



தைப்பிங்கில் அன்றாடம் மழை என்கிறோம். உண்மையில் அது அடிக்கடி பெய்யும் மழை. அன்றாடம் என்றால் ஒரு நாளும் தப்பக் கூடாது. அடிக்கடி என்பதற்கோ கணக்கில்லை.

ரப்பர் மரம் சீவியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். இன்று சீவிய மரத்தை நாளை விட்டு, மறுநாள்தான் சீவுவார்கள். மரத்தில் பால் ஊற வேண்டுமல்லவா? இதுவே நாள்விட்டு நாள். மலாய் மொழியில் 'செலாங் செஹாரி'. 'இரண்டு நாள் விட்டு' என்று சொல்லிவிட்டால் ஒரு நாள் கூடிப்போகும்.

மரத்துக்குப் பரவாயில்லை, மருந்துக்கு ஆகாது. மருந்து உறையில் 'செஹாரி துவா காலி' என்றிருந்தால் தினம் இரண்டு வேளை. 'துவா ஹாரி செகாலி' என்றிருந்தால் இரண்டு நாளுக்கு ஒரு வேளை. சொற்கள் கிட்டத்தட்ட அவையேதாம். இடம் மாறிப் படித்தால் மருந்து நான்கு மடங்காகிவிடும்!

நம் தமிழிலும் ஒரு சிக்கல் உண்டு. "பாட்டிக்கு நாளைக்கு இரண்டு மாத்திரை" என்கிறோம். தினந்தோறும் இரண்டா, விடிந்தால் மட்டும் இரண்டா? வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லும்போது 'தினம் இரண்டு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று' என்றே சொல்லுங்கள். நாள்விட்டு நாள் மருந்தானால், உறையின்மேல் கிழமைகளையே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.